மாமாவின் கடையும் மென்பொருள் கம்பனியும்

குருநாகலில் இருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில், தம்புள்ளைக்கு இன்னும் அரை மணிப் பயணம் இருக்கும்போது வருகிறது கலேவெல. வெங்காயமும் மரக்கறியும் விளையும் பகுதி. கடைத்தெருவில் தமிழும் சிங்களமும் ஒரே வாயில் புழங்கும். 1980களில் இங்கே ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன் தொழில் பழக வேண்டுமென்றால், ஓ.எல். முடிந்த கையோடு வாப்பா அவனை மாமாவின் கடையில் கொண்டுபோய் விடுவார். முதல் வருசம் சாக்குத் தைப்பதும் தராசு துடைப்பதும். அடுத்தது லொறியில் ஏறிக் கொள்முதலுக்குப் போவது. லாச்சியின் சாவி கைக்கு வர மூன்று நான்கு வருசமாகும். அதற்குள் யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்த மாதம் வெங்காய விலை விழும், எந்தச் சரக்கைத் தேக்கி வைத்தால் அழுகும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

தனிக்கடை போட முதல் வேண்டுமே. உம்மாவின் நகை அடகுக்குப் போகும், இல்லாவிட்டால் சீட்டுக் காசு வரும். வட்டியை விலக்கிய குடும்பங்களில் இன்னொரு வழி இருந்தது: முழாரபா. ஒருவர் காசு போடுவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் காசு போட்டவருக்குக் காசு போச்சு, உழைத்தவருக்கு உழைப்புப் போச்சு. யாரும் யாருக்கும் கடனாளி இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பங்கு முதலீடு என்று இன்று கொழும்பில் பேசுகிறார்களே, அதன் அடிப்படை எங்கள் வியாபாரிகளுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான்.

இன்று அதே தெருவில் ஏ.எல். முடித்த பிள்ளை போனில் பாடம் கேட்கிறது. 2014 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் புதுத் தொழில் தொடங்குவது பற்றிச் சாம் ஆல்ட்மன் ஒழுங்கு செய்த விரிவுரைத் தொடர் முழுவதும் யூடியூபில் இருக்கிறது. வை கொம்பினேட்டர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் இணையப் பாடமான ஸ்டார்ட்அப் ஸ்கூல் இலவசம். 2012 முதல் யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் நடத்தும் யாழ் கீக் சேலஞ்ச், பிள்ளைகளின் யோசனையை நடுவர்கள் முன் நிறுத்திச் சோதிக்கிறது. கம்பனி தொடங்குவதும் இலகுவாகிவிட்டது. 1982 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில் தனியார் கம்பனிக்கு இரண்டு பேராவது வேண்டியிருந்தது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு ஒரே பங்குதாரர் போதும். பதிவும் இணையத்தில் நடக்கிறது.

எனக்கு மிகப் பெரிய மாற்றமாகப் படுவது வேறொன்று. மாமாவின் கடையில் மகள்மாருக்கு இடம் இருக்கவில்லை. போனில் வரும் பாடம் மகனா மகளா என்று கேட்பதில்லை.

ஆனால் கடையில் நின்றவனுக்குக் கிடைத்த ஒன்று இவர்களுக்குக் கிடைப்பதில்லை: வாங்குகிறவன், விற்கிறவன் முகத்தைப் பார்த்துக் கற்பது. அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு தம்புள்ளையே சாட்சி. 1999 இல் அங்கே விசேட பொருளாதார மத்திய நிலையம் திறந்தார்கள். நாலா பக்கத்து மரக்கறியும் அங்கே இறங்கத் தொடங்கியது. ஆனாலும் அன்றைய விலை என்ன என்பது, மூட்டையைக் கொண்டுபோய் இறக்கும்வரை விவசாயிக்குத் தெரியாமல் இருந்தது. பொருளாதார அறிஞர் ஹர்ஷ டி சில்வா முன்னெடுத்த ‘கொவி ஞான’ சேவை அந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. ஆட்கள் கடை கடையாக நடந்து விலை கேட்டார்கள், கணினியில் ஏற்றினார்கள், சந்தைக்குள்ளேயே பலகையில் காட்டினார்கள். 2009 இறுதியில் டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் ட்ரேட்நெட் சேவை வழியாக அந்த விலை போனுக்கே வந்தது.

தம்புள்ளைக்குச் சரக்குக் கொண்டுவந்த சிறு மரக்கறி விவசாயிகளை வைத்து லேர்ன் ஏசியா நிறுவனம் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுடைய மொத்தச் செலவில் ஏறக்குறைய 15 வீதம் கொடுக்கல் வாங்கலுக்கான செலவு என்றும், அதில் 70 வீதம் தகவல் தேடுவதற்கே போகிறது என்றும் காட்டியது. விலை தெரியாமை என்பது ஒரு செலவு. அதைக் குறைத்தால் அதற்குக் காசு கொடுக்க ஆள் இருப்பார்கள். தொழில்நுட்பத் தொழிலின் முதல் பாடம் இதுதான். இரண்டாவது பாடம் கசப்பானது. விதைக்கும் பசளைக்கும் முற்பணம் தந்த கமிஷன் கடைக்காரரிடமே விற்க வேண்டிய விவசாயிக்கு, பக்கத்துக் கடை விலை தெரிந்தும் பயன் குறைவு. விலையைக் காட்டும் செயலியோடு அவனுடைய கடனுக்கும் வழி சொல்கிறவன்தான் அங்கே நிலைப்பான். இதை எந்த விரிவுரையும் சொல்லித் தராது. விடியற்காலையில் அங்கே போய் நிற்க வேண்டும்.

இனி, பணம். 2005 இல் சஞ்ஜீவ வீரவரன தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 மென்பொருள் நிறுவனத்தை ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஈக்யூடி வாங்குவதாக 2024 இல் அறிவித்தது. 60 கோடி டொலருக்கு மேல். ஜிஃப்ரி சுல்ஃபரின் வாடகை வாகனச் செயலியான பிக்மீ, 2018 இல் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்திடம் 25 இலட்சம் டொலர் முதலீடு பெற்று, 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. பெருமையான கதைகள். ஆனால் பணமும் அதைப் போடுகிறவர்களும் கொழும்பில். 2012 இல் அமைந்த லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க் போன்ற முதலீட்டாளர் குழுக்களைத் தேடி இங்கிருந்துதான் போக வேண்டும். வங்கியோ ஈடு கேட்கும். 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வட்டியே 16.5 வீதமாக இருந்தது. அந்த வருசம் கடனில் தொழில் தொடங்கியவனின் பாடு சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் பங்கு முதலீட்டை எங்கள் ஊர் புதிய வடிவில் பழக வேண்டும் என்கிறேன். 10 வீதப் பங்குக்கு 20 இலட்சம் ரூபா வாங்கினால், காசு வந்த பின் கம்பனியின் பெறுமதி 2 கோடி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாகும். பழைய கூட்டில் வருசா வருசம் இலாபம் பிரித்தார்கள். இங்கே பங்கு விற்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் வராது. கூட்டாகத் தொடங்கும் நண்பர்கள் தங்கள் பங்கை நாலு வருசத்தில் சிறுகச் சிறுகச் சம்பாதிப்பதும், முதல் வருசம் முடியாமல் விலகினால் ஒன்றும் இல்லை என்பதும் இன்று உலக வழக்கம். லாச்சிச் சாவிக்கு மாமா வைத்த தவணையும் அதேதான்.

பழைய கூட்டுகள் உடைந்தது பெரும்பாலும் வாய்ப்பேச்சால். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் சொல்லியிருந்தும், ‘நானாவிடம் எப்படி எழுத்துக் கேட்பது’ என்று கூச்சப்பட்டு, பிறகு சகோதரர்கள் முகம் பார்க்காமல் போன வீடுகள் உண்டு.

கலேவெலயின் வியாபாரிகளுக்கு என் வேண்டுகோள்: மகனோ, மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஐந்து இலட்சம் கேட்டு வந்தால் கடனாகவும் கொடுக்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். முதலில் தம்புள்ளைச் சந்தையில் ஒரு மாதம் நின்றுவிட்டு வரச் சொல்லுங்கள். வந்த பிறகு கம்பனி பதிவு செய்து, பங்காகப் போடுங்கள். அதை எழுத்தில் வையுங்கள்.