தலைநகர் ஆகாத துறைமுகம்

பள்ளி விடுமுறை நெருங்கியதும் வீடுகளிலே ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. கொழும்பைப் பார்த்தாயிற்று, காலிமுகத் திடலில் காற்று வாங்கியாயிற்று, தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையையும் சுற்றியாயிற்று. இனி எங்கே போவது? தந்தையார் கண்டி என்பார். தாயார் கதிர்காமம் என்பார். பிள்ளைகளோ நுவரெலியாவின் குளிரை விரும்புவர். கையிலிருப்பவை நான்கு நாட்களும் அளவான பணமுமே. ஒரே ஓர் ஊரைத்தான் தெரிந்தெடுக்க இயலும் எனின், எதனைத் தெரிவது?

எம்மைக் கேட்டால் திருகோணமலை என்போம். ஊர்ப்பற்றினால் இவ்வாறு கூறுகின்றோம் என நேயர்கள் ஐயுறக்கூடும். பற்று இல்லையென்று சாதிக்க நாம் முயலவில்லை. ஆயினும் காரணம் வேறு. தலைநகரின் சிறிய பிரதியொன்றைக் காண்பதற்காகப் பணம் செலவிட்டு நெடுந்தூரம் செல்வதிற் பயனில்லை. தலைநகரிலே எழாத கேள்விகளை எழுப்பும் ஊரே தேடிச் சென்று காணத்தக்கது. ஜப்பானுக்குச் செல்வோர் தோக்கியோவுடன் நின்றுவிடாது, பேரரசர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வீற்றிருந்த கியோத்தோவையும் நாடிச் செல்வது இதனாலன்றோ? கியோத்தோ தலைநகராய் இருந்து அப்பெருமையை இழந்தது. திருகோணமலையோ, இத்தீவின் தலையாய துறைமுகமாய் விளங்கியிருக்கக் கூடியதாயிருந்தும் ஆகாது நின்றது. (நாடாளுமன்றம் 1982இல் கோட்டைக்கு இடம்மாறிய பின்னரும், மக்கள் பேச்சிலே தலைநகர் என்றால் கொழும்புதான். நாமும் அவ்வழக்கையே கைக்கொள்கிறோம்.)

திருகோணமலைக்குச் சென்றவர் முதலிலே காணவேண்டியது கோணேசர் கோயில் அமைந்திருக்கும் சுவாமிமலையாகும். அங்கு செல்லும் வழி பிரெட்றிக் கோட்டையினூடாகவே போகின்றது. வாயிலைக் கடக்கும்போது சற்று நின்று, பிள்ளைகளுக்குக் கல்லிலே பொறித்த இரட்டைக் கயலைக் காட்டுங்கள். அருகிலே பழந்தமிழ்க் கல்வெட்டும் காணப்படும். அக்கல் அங்கே வந்த கதைதான் இந்நகரின் கதை. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய பழங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களுக்குப் பின்னே ஆங்கிலேயர் வந்தனர். கோயிலோ மனிதர் நினைவிலும் கடலின் அடியிலும் நெடுங்காலம் காத்திருந்தது. 1950இல் கிணறு தோண்டியபோது புதையுண்டிருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்றூண்களை மலையடியிலே கண்டனர். புதுக்கிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று வழியெங்கும் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. பிள்ளைகள் கையிலுள்ள பொலித்தீன் பைகளை அவை பறித்து உண்டுவிடாதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மலையுச்சியிலே நின்று நோக்கினால் ஒரு புறம் எல்லையற்ற வங்கக் கடல். மறுபுறம் கொட்டியாரக் குடா. அக்குடாவிலேதான் மகாவலி கங்கை கடலோடு கலக்கின்றது. அதன் வடபால், குன்றுகள் கைகோத்து அணைத்துக் காக்கும் உட்துறைமுகம் உளது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக அதனை மாலுமிகள் மதித்தனர். நாம் அங்கு நின்றபோது உடன்வந்த சிறுமி ஒருத்தி, "இவ்வளவு பெரிய துறைமுகத்திலே கப்பல்கள் ஏன் இவ்வளவு குறைவு?" என்று வினவினாள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அவ்வினாவுக்கு விடை காண, கப்பல்கள் பாய்விரித்து ஓடிய காலத்துக்குச் செல்லல் வேண்டும். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றுச் சீறும்போது, சென்னை முதல் நாகபட்டினம் வரையுள்ள கரையிலே போர்க்கப்பல்கள் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான இடம் கிடையாது. திருகோணமலையிலோ எக்காற்றிலும் அஞ்சாது நங்கூரமிடலாம். ஆகவே இதனை வைத்திருப்பவர் கையிலே வங்கக் கடல் என்ற நிலை உண்டாயிற்று. 1782ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள்: தை மாதத்திலே ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தனர், ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். ஓராண்டுக்குள்ளே மூன்று கொடிகள்! 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர், இம்முறை நிலைத்தனர்.

ஆனாற் போர்க்கப்பல் வேறு, வாணிபக் கப்பல் வேறு. கறுவாவும் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த நிலங்கள் மேற்கிலும் மலைநாட்டிலும் இருந்தன. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே புகையிரதம் ஓடிற்று. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் தீவின் மேற்கு, தெற்குக் கரைகளை ஒட்டியே சென்றன. கொழும்பிலே நல்ல துறைமுகம் இல்லாத குறையை மனிதர் கல்லடுக்கித் தீர்த்தனர்: 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அணை முடிவுற்றது. திருகோணமலைக்கோ பின்னாலிருந்தவை காடுகளும் சிதறிய சிற்றூர்களுமே. புகையிரதம் 1927இல்தான் வந்தது. இயற்கை கொடுத்த துறைமுகம் காத்திருக்க, கட்டிய துறைமுகம் வாணிபத்தைக் கொண்டுபோயிற்று. கொழும்புத் துறைமுகத்தின் எதிரே நாள் முழுதும் நின்றாலும் இவ்விஷயம் ஒருவர் மனத்தில் தோன்றாது. சுவாமிமலையில் ஐந்து நிமிடம் நின்றால் தோன்றிவிடும்.

போர் மட்டும் இவ்வூரை மறக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. சீனன்குடாவிலே காடடர்ந்த நிலத்திடையே நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் பிரித்தானியக் கடற்படைக்காக அமைத்தவை. 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றனர். தாங்கிகளைக் குறித்து இலங்கையும் இந்தியாவும் 2022இலும் உடன்படிக்கை செய்துகொண்டன. உட்துறைமுகத்தின் கடற்படைத் தளத்தினுள் எண்ணியவுடன் நுழைய இயலாது என்பதையும் பயணிகள் அறிந்திருத்தல் நன்று.

இனிக் காலத்தைப் பற்றி ஒரு சொல். ஊரைத் தெரிந்தெடுப்பவர் மாதத்தையும் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஒருமுறை நாம் மார்கழி விடுமுறையிலே குடும்பத்துடன் சென்று, மூன்று நாட்களும் விடுதிச் சன்னல் வழியாக மழையைப் பார்த்துத் திரும்பினோம். பிழை எம்முடையதே, ஊருடையதன்று. மேற்கே மழை கொட்டும் வைகாசி, ஆனி மாதங்களிலே கிழக்குக் கடல் குளம்போற் கிடக்கும். சித்திரை முதல் புரட்டாதி நடுப்பகுதி வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சிறுவர் அச்சமின்றிக் கால் நனைக்கலாம். ஆழ்கடலில் திமிங்கிலங்களைக் காணும் பருவமும் அதுவே.

இரண்டாம் நாளுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெப்பம் வேறு. மாணவர்கள் வெப்பமானி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லலாம். பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரையையும் விட்டுவிடல் ஆகாது. சோழர் காலத்திலே இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற பௌத்தப் பள்ளி அது. அங்கே கல்வெட்டுகள் தமிழிலே உள்ளன. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததனைப் பிள்ளைகள் விரலால் தொட்டு எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது, அவர்கள் முகத்தைப் பார்த்தல் வேண்டும்!

நேரம் மிஞ்சினால் மூதூருக்குப் போய்வருக. முன்னர் துறைகள் தோறும் படகுக்குக் காத்திருந்த பயணம் அது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அதுவும் அரிதாயிற்று. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் வழி எளிதாயிற்று. அக்கரையிலேதான் 1660இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞரைத் தந்தையாருடன் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்தனர். தந்தையார் சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டு ஊர்களிலே அலைந்து, தப்பியோடி, தாம் கண்டவற்றை 1681இல் நூலாக வெளியிட்டார். எந்த ஊரில் தங்குவது என்னும் விவாதம் மட்டும் அவருக்கு இருக்கவில்லை. அதனை மன்னனே தீர்மானித்துவிட்டான்.