பாத்திக்குள் புதையும் பாலித்தீன்

மாசி பிறந்துவிட்டால் திண்டுக்கல் சமவெளியில் டிராக்டர்களுக்கு ஓய்வில்லை. ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம், சாணார்பட்டி, வேடசந்தூர் என எந்தப் பக்கம் போனாலும் செம்மண் புரண்டு கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கிணறு வற்றுவதற்குள் சித்திரைப் பட்டத்து நாற்றை வேர்பிடிக்க வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். இங்கே விளையும் தக்காளியும் மிளகாயும் முருங்கையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வழியாகக் கேரளத்துச் சமையலறைகள் வரை போகின்றன. அந்த வியாபாரத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதைத் தாங்கி நிற்கும் பாத்தியைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

உழவும் குப்பையும்

பாத்தி நன்றாக அமைய முதல் உழவு ஆழமாக விழ வேண்டும். சட்டிக் கலப்பையால் புரட்டி, ஒரு வாரம் பத்து நாள் வெயிலில் காயவிட்டால் கோரைக் கிழங்கு மேலே வந்து வதங்கும். மண்ணுக்குள் பதுங்கிய கூட்டுப்புழுவைக் கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். அடுத்து கொக்கிக் கலப்பை. கடைசி உழவுக்கு முன்னால் குப்பை. ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்குப் பத்து டன். ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகு 120 செ.மீ. அகலத்தில் மேட்டுப்பாத்தி, இடையில் 30 செ.மீ. இடைவெளி, பாத்தியின் நடுவே சொட்டுநீர்க் குழாய். இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் ரெட்டியார்சத்திரத்திலேயே இருக்கிறது. குழித்தட்டு நாற்று இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல.

பத்து டன் குப்பைக்கு எங்கே போவது என்பதுதான் பலருக்கும் தலைவலி. மாடுகள் குறைந்த ஊரில் குப்பைக்குழியும் வற்றிவிடுகிறது. அதனால்தான் செம்மறி ஆட்டுக் கிடைக்கு இன்னும் மதிப்பு. இரவெல்லாம் வயலில் அடைந்து கிடக்கும் ஆடுகள் புழுக்கையோடு மூத்திரத்தையும் மண்ணுக்குத் தருகின்றன. லாரியில் வந்திறங்கும் எருவில் அந்த மூத்திரச் சத்தின் பெரும்பகுதி காற்றில் போயிருக்கும். கிடைக்காரரை முன்கூட்டியே பேசி வைத்த விவசாயிக்கு அடியுரக் கவலை பாதி தீர்ந்தது.

மேலே வெள்ளி, கீழே கறுப்பு

இத்தனை பாடுபட்டு உருவாக்கிய பாத்தியின் மேல்தான் மல்ச்சிங் ஷீட் எனும் பாலித்தீன் மூடாக்கை விரிக்கிறோம். மேல்பக்கம் வெள்ளி நிறம். வெளிச்சத்தைத் திருப்பியடித்து அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேனைக் குழப்பும். கீழ்ப்பக்கம் கறுப்பு, வெளிச்சம் புகாததால் பெரும்பாலான களை எழாது. ஈரமும் நிற்கும். தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் செலவில் பாதி வரை மானியமும் உண்டு. களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில், ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் அறுவடை முடிந்த பிறகு அந்த ஷீட் என்ன ஆகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தடிக்கு ஒரு பாத்தி என்றால் ஏக்கருக்குச் சுமார் 2,700 மீட்டர் ஷீட் வேண்டும். 1.2 மீட்டர் அகலம், 25 மைக்ரான் தடிமன் என்று வைத்தால் ஏறத்தாழ 75 கிலோ பாலித்தீன். நாலைந்து மாத வெயிலில் அது மொரமொரத்துப் போகிறது. கோரை அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. ஓரங்களோ மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. பிடித்து இழுத்தால் கையோடு வருவது பாதி. மீதி மண்ணிலேயே நிற்கிறது. வந்ததிலும் சேறு ஒட்டியிருப்பதால் பழைய பொருள் வாங்குபவர் தொடமாட்டார். அது வரப்போரத்தில் குவிந்து ஒரு நாள் தீக்கு இரையாகிறது. மண்ணில் நின்றதை ரோட்டவேட்டர் பொடிப்பொடியாக நறுக்கி, அடுத்த பட்டத்துப் பாத்திக்குள் கலந்துவிடுகிறது.

இதே தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த கைப்பை நாடு முழுவதுமே கூடாது என்பது மத்திய அரசின் விதி. தெருவில் கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடக்கூடிய பைக்கு இத்தனை கட்டுப்பாடு. அதில் கால்பங்கு தடிமன்கூட இல்லாத ஷீட் சோறு போடும் மண்ணுக்குள் புதைவதை மட்டும் எப்படிக் கண்டும் காணாமல் இருக்கிறோம்? காய் வாங்க மஞ்சப்பை எடுத்துப் போகும் ஊரில் இந்தக் கேள்வி எழுந்தே ஆக வேண்டும்.

சீனா கற்ற பாடம்

பயிர், கால்நடை இரண்டிலுமாக உலகம் ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஷீட்டை மிக அதிகமாக விரித்த நாடு சீனா. எட்டு மைக்ரான் அளவுக்கு மெல்லிய ஷீட்டைப் பல ஆண்டுகள் விரித்ததில், துண்டுகள் மண்ணில் அடுக்கடுக்காகத் தங்கி வேரையும் நீரோட்டத்தையும் மறித்தன. அதற்கு ‘வெள்ளை மாசு’ என்றே அங்கே பெயர் விழுந்தது. 2018-ல் குறைந்தபட்சத் தடிமனைப் பத்து மைக்ரானாக உயர்த்தினார்கள். கிழியாமல் சுருட்டி எடுக்க முடியவேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் அதற்குள் மண்ணில் கலந்ததை எந்தச் சட்டத்தாலும் பொறுக்கி எடுத்துவிட முடியாது.

நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அறுவடை முடிந்த காட்டில் மேயும் ஆடு, காய்ந்த தழையோடு ஷீட் துண்டையும் விழுங்குகிறது. அது செரிக்காமல் இரைப்பையில் தங்கிவிடும். மண்ணுக்கு எரு தரும் உயிரையே மண்ணில் நாம் விட்ட குப்பை தாக்குகிறது. கிடை இல்லாமல் போனால் பத்து டன் எருவுக்கு எங்கே போவோம்?

செய்ய வேண்டியவை

மாற்று நம் காட்டிலேயே கிடக்கிறது. மக்காச்சோளத் தட்டை, கரும்புத் தோகை, தென்னை ஓலை எல்லாமே நல்ல மூடாக்கு. செம்மண்ணில் கரையான் ஏறும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகத் தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளலாம். நாளடைவில் மக்கி அதுவே உரமாகிவிடும்.

ஷீட் இல்லாமல் முடியாது என்பவர்கள் தடிமனானதை வாங்குங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும், செடி காய்ந்து ஷீட் நொறுங்குவதற்கு முன்னால், மண் சற்று ஈரமாக இருக்கும்போதே சொட்டுநீர்க் குழாயோடு சேர்த்துச் சுருட்டி எடுங்கள். அரசும் ஒன்று செய்ய வேண்டும்: மானியத்தோடு திரும்பப் பெறும் பொறுப்பையும் சேர்க்க வேண்டும். ஊராட்சிக்கு ஒரு சேகரிப்பு இடம் இருந்தால் வரப்போரத்துத் தீ அணையும்.

இந்தப் பங்குனியில் எத்தனை ரோல் விரித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆவணிக்குள் அத்தனையும் வயலைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.