மிதிவண்டி கேட்ட கேள்வி: விசை, நிறை, முடுக்கம் கற்பித்தல்

பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்தைப் பல ஆண்டுகளாக நான் ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். நியூட்டனின் இரண்டாம் விதியைக் கரும்பலகையில் எழுதுவேன். உந்த மாறுபாட்டில் தொடங்கி, நான்கே வரிகளில் விசை = நிறை × முடுக்கம் என்று தருவித்துவிடுவேன். பிறகு கணக்கு. நிறை 5 கிலோகிராம், முடுக்கம் 2 மீ/வி², விசை எவ்வளவு? "பத்து நியூட்டன் சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்ற நிறைவோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், நான் தினமும் அக்காவோட சைக்கிள்லதான் ஸ்கூலுக்கு வர்றேன். வழி முழுக்க மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஆனா சைக்கிள் ஒரே வேகத்துலதான் போகுது. விசை இருக்கு, முடுக்கம் இல்ல. அப்ப இந்த ஃபார்முலா தப்பா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா, உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாடத்தில் அதுவரை யாரும் என்னிடம் கேட்காத நல்ல கேள்வி அது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல், தன் வாழ்க்கையில் வைத்துச் சோதித்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் உட்காரச் சொல்லியிருக்கிறேன். மறு ஆண்டு அந்தப் பாடத்தை நான் எப்படி மாற்றி நடத்தினேன் என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

குழப்பம் எங்கே இருக்கிறது?

'பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால், விசை தந்துகொண்டே இருக்க வேண்டும்.' நம் மாணவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இதுதான். இது அறிவுக்குறைவு இல்லை, அன்றாட அனுபவம். மாட்டுவண்டியை மாடு இழுப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறது. அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் கருதினார். கலிலியோ, நியூட்டன் காலம்வரை அறிஞர்களுக்கே அந்தக் கருத்து தெளிவாக விலகவில்லை. 45 நிமிடப் பாடவேளையில் அது விலகிவிடும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

நம் மொழி வழக்கும் இதில் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. பலமாகத் தள்ளு என்பதற்கு "வேகமா தள்ளு" என்கிறோம். விரைவாக ஓடினான் என்பதற்கு "விசையாக ஓடினான்" என்கிறோம். ஆக, விசையும் வேகமும் ஒன்று என்ற எண்ணம் பாடம் தொடங்கும் முன்பே பிள்ளை மனத்தில் இருக்கிறது. நிறை, எடை இரண்டும் அப்படியே. கடையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் மொழி உதவவும் செய்கிறது. 'மாட்டை முடுக்கினான்' என்றால் மாடு ஏற்கெனவே போகும் வேகத்தை மாற்றினான் என்று பொருள். முடுக்கம் என்பதும் அதுதான்: எவ்வளவு வேகம் என்பதைச் சொல்வதில்லை, வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதைச் சொல்கிறது. இந்த மூன்று சொற்களையும் பேசவே இப்போது நான் முதல் பாடவேளையை ஒதுக்குகிறேன். சூத்திரம் அன்று கரும்பலகைக்கு வராது.

முதல் செயல்பாடு: முள் நகரக் கூடாது

பள்ளியில் பொருள்களை நகர்த்தும் நான்கு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. அதில் புத்தகக் கட்டுகளை அடுக்கினோம். முன்புறம் சுருள்வில் தராசு ஒன்றை மாட்டினோம். நீளமான சமதள வராண்டா. ஒரு மாணவியிடம் சொன்னேன்: "தராசின் முள் 2 கிலோ கோட்டிலேயே நிக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படியே இழுத்துக்கிட்டுப் போம்மா."

அவள் நடக்கத் தொடங்கினாள். இரண்டே நொடியில் நடை வேகமானது. பிறகு ஓட்டமானது. "சார், ஓடலன்னா முள்ளு இறங்குது சார்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். வராண்டா முடிவதற்குள் நிறுத்தச் சொன்னேன். வண்டியைப் பிடித்து நிறுத்த எதிர்முனையில் இருவரை முன்பே நிறுத்திவைத்திருந்தேன். இதைச் செய்யும் ஆசிரியர்கள் அதை மறக்க வேண்டாம்.

மாறாத விசை மாறாத வேகத்தைத் தருவதில்லை, கூடிக்கொண்டே போகும் வேகத்தைத் தருகிறது. பத்து நிமிடம் விளக்கினாலும் பதியாத இந்தச் செய்தி, அந்த மாணவியின் ஓட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்துப் பாதிக் கட்டுகளை இறக்கிவிட்டு, அதே 2 கிலோ கோட்டில் இழுக்கச் சொன்னோம். இந்த முறை தொடக்கத்திலேயே ஓட வேண்டியிருந்தது. விசை அதே அளவு, நிறை குறைவு, முடுக்கம் அதிகம்.

தராசில் 'கிலோ' என்று எழுதியிருக்கிறதே, அது நிறை அல்லவா என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். சுருள்வில் அளப்பது இழுப்பை, அதாவது விசையை. 2 கிலோகிராம் பொருளைப் பூமி இழுக்கும் விசையைத்தான் அந்தக் கோடு குறிக்கிறது. அது ஏறத்தாழ 20 நியூட்டன். 1 நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் பொருளைக் கையில் தாங்கும்போது உணரும் விசை. ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை 100 கிராம் எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும். அலகு கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் செயல்பாடு: அளந்து பார்ப்போம்

இப்போது எண்கள் வேண்டும். சிறு சக்கர வண்டி, நூல், மேசை ஓரத்தில் ஒரு கப்பி, நூலின் முனையில் தொங்கும் எடைக்கற்கள், கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரம். இவை போதும்.

நான் முதலில் செய்து ஏமாந்த இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, உராய்வு. நூலைக் கட்டும் முன், வண்டியை இலேசாகத் தட்டிவிட்டால் அது ஒரே வேகத்தில் உருளும்வரை மேசையின் ஒரு பக்கத்தை அட்டை வைத்து உயர்த்துங்கள். அந்தச் சாய்வு உராய்வை ஈடுகட்டிவிடும். இரண்டு, தொங்கும் எடைக்கல்லும் வண்டியோடு சேர்ந்துதான் முடுக்கம் பெறுகிறது. ஆகவே நிறை என்று கணக்கிடும்போது வண்டியையும் எடைக்கல்லையும் சேர்த்தே கொள்ள வேண்டும். விசையைக் கூட்டுவதற்குப் புதிதாக எடைக்கல் சேர்க்காமல், வண்டியில் ஏற்கெனவே வைத்திருக்கும் கல்லை எடுத்து நூலில் தொங்கவிட்டால் மொத்த நிறை மாறாது.

மொத்த நிறை 1 கிலோகிராம் இருக்கும்படி அமைத்தோம். 20 கிராம் தொங்கவிட்டால் விசை ஏறத்தாழ 0.2 நியூட்டன். வண்டி 60 செ.மீ. கடக்கக் கணக்குப்படி ஏறத்தாழ 2.5 நொடி ஆக வேண்டும். 80 கிராம் தொங்கவிட்டால் விசை நான்கு மடங்கு, நேரம் 1.25 நொடி, அதாவது பாதி. விசை நான்கு மடங்கானால் நேரம் ஏன் நான்கில் ஒரு பங்காகவில்லை என்று வகுப்பையே கேட்டேன். ஓய்விலிருந்து புறப்படும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டிலிருந்து அவர்களே எடுத்தார்கள். நேரம் பாதியானால் முடுக்கம் நான்கு மடங்கு. விசையும் நான்கு மடங்கு. இரண்டும் நேர்த்தகவு.

பிறகு அதே 80 கிராம் தொங்கும்போதே வண்டியில் கற்களை ஏற்றி மொத்த நிறையை 4 கிலோகிராம் ஆக்கினோம். நேரம் மீண்டும் 2.5 நொடிக்கு அருகில் வந்தது. நிறை நான்கு மடங்கானால் முடுக்கம் நான்கில் ஒரு பங்கு. எதிர்த்தகவு.

விரல் அழுத்தும் தாமதத்தால் விடை ஒவ்வொரு முறையும் சற்று மாறும். ஐந்து முறை செய்து சராசரி எடுக்கச் சொன்னேன். கணக்கில் வந்த விடைக்கும் கண்ணால் பார்த்ததற்கும் உள்ள இடைவெளியை மறைக்காமல் ஏட்டில் எழுதச் சொன்னேன். அறிவியல் என்பது அதுவும்தானே.

இதற்குப் பிறகுதான் சூத்திரம் கரும்பலகைக்கு வந்தது. அதையும் முடுக்கம் = விசை ÷ நிறை என்றே முதலில் எழுதினேன். காரணம் விசை, தடுப்பது நிறை, விளைவு முடுக்கம் என்று படிக்க அது வசதி. இன்னொன்றும் சொன்னேன். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தச் சூத்திரத்தை நாம் எழுதும் வடிவில் எழுதவில்லை. உந்தத்தின் மாற்றம் செலுத்தப்படும் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று சொற்களில்தான் சொன்னார். இன்றைய வடிவத்துக்கு அது வந்தது 18-ஆம் நூற்றாண்டில், ஆய்லர் போன்ற கணித அறிஞர்கள் கைகளில். கருத்து முதலில், குறியீடு பிறகு. வகுப்பிலும் அந்த வரிசை சரியாகவே இருக்கிறது.

மைதானத்தில் கிடைத்த பதில்

கேள்வி கேட்ட மாணவன் இதற்குள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருந்தான். விலையில்லா மிதிவண்டி அவனுக்கும் கிடைத்திருந்தது. அவனை அழைத்து, "போன வருஷம் நீ கேட்ட கேள்விக்கு இன்னைக்குத்தான் பதில் பார்க்கப் போறோம். சைக்கிளோட மைதானத்துக்கு வா" என்றேன்.

சுண்ணாம்புத் தூளால் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டோம். அவன் ஒரே சீராக மிதித்து அந்தத் தூரத்தை 5 நொடியில் கடந்தான். வேகம் 4 மீ/வி. இரண்டாம் கோட்டில் மிதிப்பதை நிறுத்தினான். பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிள் ஏறத்தாழ 40 மீட்டர் உருண்டு நின்றது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். வேகத்தின் இருமடி 16. அதை 2 × 40-ஆல் வகுத்தால் 0.2. ஒவ்வொரு நொடிக்கும் 0.2 மீ/வி வீதம் வேகம் குறைந்திருக்கிறது. அவனும் சைக்கிளும் சேர்ந்து 65 கிலோகிராம். 65 × 0.2 = 13 நியூட்டன்.

"மிதிக்கறத நிறுத்தின பிறகு சைக்கிளைப் பின்னாடி இழுத்தது யாரு?" என்று கேட்டேன். காற்று, தரை, சக்கரத்தின் உராய்வு என்று பதில்கள் வந்தன. "அதெல்லாம் அவன் மிதிக்கும்போது இல்லாம இருந்துச்சா?"

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான்: "அப்பவும் இருந்திருக்கு சார். நான் முன்னாடி தள்ளினதும் அது பின்னாடி இழுத்ததும் சரியாப் போச்சு. மிச்சம் ஒண்ணும் இல்ல. அதான் முடுக்கம் இல்ல."

முழு விடையும் அதுதான். சூத்திரத்தில் உள்ள விசை, நாம் தரும் விசை மட்டும் அல்ல; பொருள்மீது செயல்படும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிக் கழித்த பின் எஞ்சும் தொகுபயன் விசை. சீராக ஓடும் சைக்கிளில் தொகுபயன் விசை சுழி, முடுக்கமும் சுழி. சூத்திரம் தவறவில்லை, நான் அதைப் பாதிதான் கற்பித்திருந்தேன்.

விண்வெளியில் எடை பார்ப்பது எப்படி?

நிறையும் எடையும் வேறு என்பதைச் சொல்ல எனக்குப் பிடித்த உதாரணம் பன்னாட்டு விண்வெளி நிலையம். அங்கே எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றால் முள் அசையாது. ஆனாலும் வீரர்களின் உடல்நலத்தைக் கண்காணிக்க அவர்கள் நிறை தெரிந்தாக வேண்டும். அதற்காக அங்கே ஒரு கருவி இருக்கிறது. சுருள்வில் ஒன்று தெரிந்த அளவு விசையால் வீரரை இழுக்கிறது. அவர் பெறும் முடுக்கத்தைக் கருவி அளக்கிறது. விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை கிடைத்துவிடுகிறது. நம் வராண்டாவில் அந்த மாணவி தள்ளுவண்டியோடு செய்ததும் ஏறத்தாழ இதுவே.

கனமான கல் ஏன் வேகமாக விழுவதில்லை என்ற பழைய ஐயமும் இங்கே தீர்கிறது. இரு மடங்கு நிறையுள்ள கல்லைப் பூமி இரு மடங்கு விசையால் இழுக்கிறது. அதை முடுக்க இரு மடங்கு விசை தேவையும் படுகிறது. வகுத்தால் இரண்டு கற்களுக்கும் ஒரே 9.8 மீ/வி².

தேர்வில் என்ன கேட்கலாம்?

எண்ணைப் பொருத்தும் கணக்குகளோடு, எண்ணே இல்லாத கேள்விகளையும் அலகுத் தேர்வில் சேர்த்துப் பாருங்கள். நேர்ச்சாலையில் மணிக்கு 60 கி.மீ. என்ற மாறா வேகத்தில் போகும் பேருந்தின்மீது தொகுபயன் விசை எவ்வளவு? மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் எவ்வளவு? முதலாவதன் விடை சுழி. இரண்டாவதன் விடை கீழ்நோக்கி 9.8 மீ/வி². பல பிள்ளைகள் இதை மாற்றித்தான் எழுதுவார்கள். யார் மனத்தில் பழைய எண்ணம் இன்னும் இருக்கிறது என்பது அந்த விடைகளிலிருந்து நமக்குத் தெரியும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் சூத்திரம் தேவையில்லை. காலித் தீப்பெட்டியையும் மணல் நிரப்பிய தீப்பெட்டியையும் ஊதிப் பார்க்கட்டும். பந்தைச் சிமெண்டுத் தரையிலும் மணலிலும் உருட்டிப் பார்க்கட்டும். "பந்து ஏன் நின்றது?" என்று கேளுங்கள். "விசை தீர்ந்துபோச்சு" என்று பதில் வந்தால், "தீர்ந்துபோச்சா, இல்ல ஏதாவது நிறுத்துச்சா?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியோடு வரும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் பாதி வேலை முடிந்திருக்கும்.

அன்று மைதானத்திலிருந்து திரும்பும்போது அந்த மாணவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் பக்கத்தில் வந்தான். "சார், காத்தே இல்லாத, உராய்வே இல்லாத ரோடு இருந்தா, ஒரு தடவ மிதிச்சா போதுமா?" என்று கேட்டான். இந்த முறை நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகும்வரை பேசிக்கொண்டே நடந்தோம்.