குலுக்கலில் கிடைத்த டாக்டர் சீட்

டாக்டராகப் படிக்க யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானித்த நாடு ஒன்று இருக்கிறது. நெதர்லாந்து. 1970-களில் இடங்களைவிட விண்ணப்பங்கள் பெருகியபோது, நுழைவுத் தேர்வும் வேண்டாம், ரேங்க் பட்டியலும் வேண்டாம் என்று அங்கே குலுக்கலுக்குப் போனார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டல்ல அது. பள்ளி இறுதித் தேர்வின் சராசரியைப் பார்த்து விண்ணப்பதாரர்களைப் பிரிவுகளாக்கினார்கள். மேல் பிரிவுக்கு வாய்ப்பு அதிகம், கீழ்ப் பிரிவுக்குக் குறைவு. ஆனாலும் பார்டரில் பாஸானவருக்கு இடம் கிடைக்கலாம். முதல் மாணவி வெளியே நிற்கலாம்.

1996-ல் நின்றார். பத்துக்கு 9.6 சராசரி வாங்கிய பெண் அவர். எட்டு வாங்கினாலே கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லும் நாட்டில் இது நம்மூர் மாநில முதலிடம் மாதிரி. பெரிய சர்ச்சையானது. கமிட்டி போட்டார்கள். எட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு 1999 முதல் நேரடி இடம் என்றானது. ஒரு பகுதி மாணவர்களைப் பல்கலைக்கழகங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றும் விதி வந்தது. 2017-ல் குலுக்கலுக்கே மூடுவிழா.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. திறனறித் தேர்வு, முன் அனுபவம், ‘ஏன் மருத்துவம்?’ என்று கடிதம். இதற்கெல்லாம் தயார்செய்ய கட்டணப் பயிற்சி மையங்கள் (அங்கேயும்தான்!). அப்பாவோ அம்மாவோ டாக்டராக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த முறை தோதாக இருந்தது; புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். தேர்ந்தெடுத்துச் சேர்த்தவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது குறைவு என்று ராட்டர்டாம் ஆய்வு ஒன்று சொன்னது. மதிப்பெண்ணில் மட்டும் அவர்களுக்கும் குலுக்கலில் வந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2023-ல் சட்டம் மறுபடியும் குலுக்கலை அனுமதித்தது.

இந்தக் குலுக்கல் பொருளாதார நிபுணர்களுக்கும் உதவியது. இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இருவரின் பிற்கால வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறு வேலைக்குப் போனவர்களைவிட டாக்டர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்; 22 ஆண்டுகளில் அந்த இடைவெளி ஏறக்குறைய 50 சதவீதம். ஒரு சீட்டு எவ்வளவு பெறும் என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

சிரிக்க வேண்டாம், நம்மிடமும் குலுக்கல் இருந்தது. நீட் வருவதற்கு முன் பிளஸ் டூ கட்-ஆஃப் சமமாக இருந்தால் உயிரியல், வேதியியல், நான்காவது பாடம், பிறந்த தேதி என்று பார்த்து, அதிலும் சமன் என்றால் ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். இன்று நீட்டில் ஒரே ஒரு கேள்வி தவறினால் ரேங்க் ஆயிரக்கணக்கில் சரிகிறது. அந்த ஒரு கேள்வி, யார் நல்ல டாக்டர் என்பதைச் சொல்லிவிடுமா?

தகுதிக் கோட்டை உயரமாகவே போடட்டும். அதைத் தாண்டி, நூலிழையில் நெருங்கி நிற்பவர்களுக்குள் கடைசிச் சில இடங்களைக் குலுக்கலில் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. 9.6 வாங்கிய பெண்ணையும் அந்தக் கூட்டத்தில் நிறுத்தியதுதான் டச்சுக்காரர்கள் செய்த தப்பு.