வரைபடம் இல்லாத கப்பல்கள்

வளைகுடாவுக்கு 100 அடிக்கும் அதிக நீளமுள்ள மரக்கப்பல்களைக் கட்டி அனுப்பிய கைகள், இப்போது ஒரு முழக் கப்பலுக்கு உளி பிடிக்கின்றன. கோழிக்கோடு அருகே, சாலியாறு கடலில் கலக்கும் பேப்பூரில் 'உரு' கட்டுவது தலைமுறைத் தொழில். இரும்புக் கப்பல்கள் வந்தபின் வேலை அருகிவிட்டது. வயதான தச்சர்கள் சிலர் வீட்டிலேயே சிறு உருக்கள் செய்கிறார்கள். 1840-களில் ஆங்கிலேயர் தோட்டம் போட்ட நிலம்பூரிலிருந்து தேக்கு மரங்கள் ஆற்றில் மிதந்து வந்த காலம் உண்டு. இவர்களுக்குத் துண்டு துணுக்கே போதும்.

சிறியது என்பதால் வேலை சுலபமில்லை. அடியில் ஏரா மரம். அதிலிருந்து வளைந்து எழும் பக்கப் பலகைகள். ஒரு நூல் பிசகினாலும் கப்பல் ஒருபக்கம் சாயும். நிஜ உருக்கள் மோட்டாருக்கு மாறி வெகுகாலமாகிறது. இவற்றில் மட்டும் பாய்மரம் இன்னும் நிற்கிறது.

வாங்கிச் செல்பவர்களுக்கு இது அலமாரி அலங்காரம். விஷயம் அதைவிடப் பெரியது. பரம்பரை உருவுக்குக் காகிதத்தில் வரைபடம் கிடையாது. அளவெல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்கு. அவரோடு அதுவும் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பேரன் கப்பல் கட்டப் போவதில்லை. ஆனாலும் எந்தப் பலகை எங்கே அமரும் என்று காட்ட, தாத்தா செய்த இந்தச் சின்ன உருவாவது வீட்டில் மிஞ்சும்.