உண்டியலும் பத்திரமும்

1967, 1971, 1977, 1980, 1989 என ஐந்து முறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சோ. அழகர்சாமியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி கோவில்பட்டி. தீப்பெட்டித் தொழிலாளியும் மானாவாரி விவசாயியும் நிறைந்த கரிசல் பூமி. தோழர்கள் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு கடைத்தெருவில் இறங்குவார்கள். கூட்டம் முடிந்ததும் துண்டேந்தி வருவார்கள். யார் போடுகிறார் என்பது தெருவுக்கே தெரியும். கொஞ்சம் பெரிய தொகை என்றால் ரசீது.

அந்த ஐந்து வெற்றிகளில் மூன்று, கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தரச் சட்டம் தடை போட்டிருந்த காலத்தில் வந்தவை. 1969-ல் வந்த தடை 1985-ல் நீங்கியது. தடை இருந்தபோதும் கறுப்புப் பணம் ஓடியது, உண்மை. ஆனால் அது சட்டவிரோதம் என்று சொல்லவாவது முடிந்தது.

2018-ல் வந்த தேர்தல் பத்திரம் மறைப்பையே சட்டமாக்கியது. ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரை வாங்கலாம். தாளில் வாங்கியவர் பெயர் இருக்காது. 15 நாளுக்குள் கட்சி அதைப் பணமாக்கிக்கொள்ளும். லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனி தரக்கூடாது என்ற வரம்பை 2017-லேயே எடுத்துவிட்டார்கள்.

2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தை ரத்து செய்தபின் பட்டியல் வெளிவந்தது. அதிகம் பெற்ற கட்சி பாஜக. அதிகம் வாங்கியது, கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 509 கோடி திமுகவுக்கு. லாட்டரியை 2003-லேயே தடை செய்த மாநிலம் இது.

பத்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு. அதே இடதுசாரிகளுக்கு 2019 தேர்தலில் திமுக தந்தது 25 கோடி: இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15, மார்க்சிஸ்டுக்கு 10. திமுகவே தேர்தல் ஆணையத்தில் காட்டிய கணக்கு அது. உண்டியல் குலுக்கிய ஊர்க்காரனுக்கு இது வலிக்கத்தான் செய்யும்.

கோவில்பட்டியின் தீப்பெட்டி உற்பத்தியாளர்களும் அரசிடம் காரியம் சாதிக்கப் போனவர்கள்தான். பிளாஸ்டிக் லைட்டரைத் தடுக்கச் சொல்லி மனுவோடு அமைச்சர்களைப் பார்த்தார்கள். யாரைப் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் பேப்பரில் வந்தது. 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. தொழிலுக்காகக் கேட்பதில் தவறே இல்லை. கேட்டவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் முக்கியம்.

இப்போது பத்திரம் இல்லை. தேர்தல் அறக்கட்டளைகள் வழியே கம்பெனிப் பணம் போகிறது. அதில் பெயர் உண்டு. ஆனால் நிதியாண்டு முடிந்த பிறகுதான் கட்சிகள் நன்கொடைக் கணக்கைத் தாக்கல் செய்கின்றன. சித்திரை வெயிலில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர் கைக்கு அந்தப் பட்டியல் வந்திருக்காது. வேட்புமனுவோடு சொத்துக் கணக்கைக் கேட்கிற தேர்தல் ஆணையம், கட்சிக்குக் கொடுத்தவர் பட்டியலையும் ஓட்டுப்பதிவுக்கு முன்பே வாங்கி வெளியிட வேண்டும்.