பன்றித் தாடை சொன்ன சாட்சி

1987 மார்ச் மாதம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தலைநகரான டலஹாசியில், முன்னாள் ஆளுநர் ஜான் மார்ட்டின் கட்டிய வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் அலுவலகக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. மாநிலத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கால்வின் ஜோன்ஸ் அங்கே சில குழிகள் தோண்டிப் பார்த்தார். அவர் தேடியது 17ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரிமார்களின் மடம் ஒன்றை. ஸ்பானிய ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. சரி, மடம்தான் என்று நினைக்கலாம். ஆனால் கூடவே துருப்பிடித்த சிறு இரும்பு வளையங்களும் வந்தன. ஒன்றோடொன்று கோத்த சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் அவை. பாதிரியார் எதற்குக் கவசம் போடப்போகிறார்?

விடை தேட, மடங்களுக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும். எர்னாண்டோ தெ சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி 1539 மே மாதம் புளோரிடாக் கரையில் இறங்கினார். சுமார் 600 பேர், 200க்கு மேற்பட்ட குதிரைகள். பெருவில் இன்கா அரசைக் கொள்ளையடித்ததில் பங்கு பெற்றவர். அதேபோல் ஒரு தங்கப் புதையல் இங்கும் கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. வழிநெடுக ஊர்களைச் சூறையாடி, மக்களைச் சங்கிலியில் பிணைத்துச் சுமை தூக்கவைத்து, 1542இல் மிசிசிப்பி ஆற்றோரம் காய்ச்சலில் இறந்தார். கூட வந்தவர்களில் பாதிப் பேர்தான் 1543இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்கள்.

நான்கு ஆண்டு நடந்த அந்த வழி எது? நான்கு குறிப்புகள் இருக்கின்றன. மூன்று, படையோடு போனவர்களிடமிருந்து வந்தவை. நான்காவது, 1605இல் கார்சிலாசோ தெ லா வேகா எழுதியது. அவர் அந்தப் பக்கமே போனதில்லை, போய்வந்தவர்களிடம் கேட்டு எழுதினார். மற்ற மூன்றையும்விடச் சுவையாக எழுதியவரும் அவர்தான், அதனாலேயே கொஞ்சம் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏடுகளில் தூரம் ‘லெகுவா’ கணக்கில் வரும். நம் காதத்தைப் போலத்தான் அதுவும்: ஒன்றுக்கு இரண்டு அளவு உண்டு. ஒரு லெகுவா சுமார் 4.2 கிலோமீட்டர், இன்னொன்று 5.6. நூறு லெகுவா நடந்தால் வித்தியாசம் 140 கிலோமீட்டர்! அமெரிக்க அரசு அமைத்த குழு, ஜான் ஸ்வான்டன் தலைமையில் 1939இல் ஒரு வழியை வரைந்தது. 1980களில் ஆய்வாளர் சார்லஸ் ஹட்சன் வேறு வழியை வரைந்தார். ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் ஒவ்வொரு மாநிலத்துக்காரரும் தம் ஊர் வழியாகவே சோட்டோவை அழைத்துப் போய்விடலாம். போனார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

மண்ணைக் கேட்பது என்றால் அதிலும் ஒரு சிக்கல். நடந்துபோகும் படை தரையில் பெரிதாக எதையும் விட்டுப்போவதில்லை. ஓரிரவு தங்கினால் ஓர் ஆணி விழலாம். மாதக்கணக்கில் தங்கினால்தான் குப்பை சேரும். சோட்டோவின் படை 1539 அக்டோபர் முதல் மறு ஆண்டு மார்ச் வரை அபலாச்சி மக்களின் தலைநகரான அனாய்க்காவில் குளிர்காலத்தைக் கழித்தது. ஊரைப் பறிகொடுத்த அபலாச்சியர் சும்மா இருக்கவில்லை. தீ வைத்தார்கள், தனியே சிக்கியவர்களைக் கொன்றார்கள். தேட வேண்டிய இடம் அப்படிப்பட்ட ஐந்து மாதத் தங்கல்தான்.

டலஹாசியில் ஜோன்ஸும் பின்னர் தொல்லியலாளர் சார்லஸ் யூவனும் தோண்டியபோது கவச வளையங்களோடு குறுக்குவில்லின் அம்புமுனை ஒன்று, ஸ்பானிய, போர்த்துகீசியச் செப்புக் காசுகள், பட்டை தீட்டிய வண்ணப் பாசிமணிகள் கிடைத்தன. குறுக்குவில்லும் சங்கிலிக் கவசமும் 17ஆம் நூற்றாண்டு மடங்களின் காலத்தவை அல்ல, அதற்கு முந்தியவை. ஆகவே மடம் இல்லை. ஆனால் சோட்டோவுக்கு முன்பே, 1528இல், நார்வாயஸ் என்பவரின் படையும் அபலாச்சி நாட்டுக்கு வந்திருந்தது. அது விட்டுப்போனவையாக இருந்தால்?

இங்கேதான் பன்றி வருகிறது. அகழாய்வில் ஒரு பன்றியின் மேல்தாடை எலும்பு கிடைத்தது. வீட்டுப் பன்றி அமெரிக்க மண்ணுக்கு உரியதல்ல; ஐரோப்பியர் கொண்டுவந்தது. நார்வாயஸின் ஆட்கள் பட்டினியில் தங்கள் குதிரைகளையே அறுத்துத் தின்றவர்கள். அவர்களிடம் ஏது பன்றி? சோட்டோவோ படைக்குப் பின்னால் பன்றி மந்தையையே ஓட்டிக்கொண்டு வந்தார். பதின்மூன்று பெட்டையோடு தொடங்கியது முந்நூறாகப் பெருகியது என்கிறது ஒரு குறிப்பு. கவசம் மடத்தை விலக்கியது, பன்றி நார்வாயஸை விலக்கியது. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பலவீனமான சாட்சிகள். சேர்த்து வைத்ததுதான் திறமை.

கவசம் அங்கே ஏன் உதிர்ந்து கிடந்தது என்பதற்குக் கார்சிலாசோவிடம் ஒரு கதை உண்டு. சிறைப்பட்ட வில்லாளி ஒருவனைக் கொண்டு கவசத்தின் மீது அம்பு எய்யச் சொல்லிச் சோதித்தார்களாம்; அம்பு துளைத்துவிட்டதாம். அதன் பிறகு ஸ்பானியர் தடித்த துணி மெத்தையைக் கவசமாகக் கட்டிக்கொண்டார்கள்.

பாசிமணியை மட்டும் நம்பி வழி வரைவது ஆபத்து. ஜார்ஜியா மாநிலத்தில் தொல்லியலாளர் டென்னிஸ் பிளாண்டன் தோண்டிய இடத்திலும் 16ஆம் நூற்றாண்டு மணிகளும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அவரும் ஒரு மடத்தைத் தேடித்தான் போனார். சோட்டோ அந்த வழியே வந்தார் என்பது அவர் கருத்து. ஆனால் மணி கை மாறும், ஊர் மாறும். பரிசாகப் போகும், பண்டமாற்றில் போகும். பன்றித் தாடையை யாரும் கழுத்தில் கோத்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோவதில்லை.

டலஹாசியின் அந்த நிலத்தில் ஒரு பகுதியை மாநில அரசு வாங்கிப் பாதுகாத்தது. ஆளுநர் மார்ட்டினின் வீடு இப்போது கால்வின் ஜோன்ஸ் பெயரில் தொல்லியல் மையமாக இருக்கிறது.